வரிசையில் நான்காவது பெயர்

பிள்ளை வளர்ப்பதைப் பற்றி என்னிடம் கேட்கப்படாத கேள்வி எதுவும் பாக்கியில்லை. நடக்க ஆரம்பித்த குழந்தை கையைப் பிடிக்க விடமாட்டேன் என்கிறது, என்ன செய்வது. இரட்டைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன, எதை முதலில் பிடிப்பது. நடைபாதை பூராவும் பைக்குகள் நிற்கின்றன, தள்ளுவண்டியை ரோட்டில் தள்ளலாமா. கோயமுத்தூருக்குக் கிழக்கே எங்கள் வார்டு மணி மையத்தின் கவுண்டரில் ஒன்பது வருடம் உட்கார்ந்து இதற்கெல்லாம் பதில் சொன்னேன். என் பெயர் தமயந்தி. வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள், அது உண்மைதான்.

"விரலப் புடிக்காதீங்க, உருவிட்டு ஓடிரும். மணிக்கட்டப் புடிங்க. நீங்க வண்டி வர்ற பக்கம், கொழந்தை உள்பக்கம். நிறுத்தி வெச்ச ரெண்டு காருக்கு நடுவுல பூந்து போகாதீங்க, வர்றவனுக்கு உங்க புள்ள தல தெரியாது." ஒரு நாளைக்கு இருபது தடவை இதைச் சொல்லியிருப்பேன். கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள். வாசலை விட்டு இறங்கியதும் பிள்ளையின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனைப் பார்த்தபடி போவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. மணி இருக்கும்போது எதற்காகப் பயப்பட வேண்டும்?

மணி வந்த புதிதில் அதை நம்பாதவர்களும் இருந்தார்கள். எருமை வைத்துப் பால் கறக்கிற ஒருவர், தன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என்னைக் குடைந்து எடுத்தார்.

"ஏனுங் மேடம், இந்தப் பட்டாணி அளவு மணிய இடுப்புல கட்டுனா, பஸ்ஸு எப்படிங்க நிக்கும்?"

"மணிக்குள்ள சின்னதா ஒரு ரேடியோ இருக்குதுங்க. கொழந்தை ரோட்டுல கால் வெச்சதும், 'நான் இங்க இருக்கறேன், நான் இங்க இருக்கறேன்'னு அது சொல்லிட்டே இருக்கும். எல்லா வண்டிலயும் அதக் கேக்கறதுக்கு ஒரு பெட்டி வெச்சிருக்குது. கேட்டதும் அதுவே வேகத்தக் குறைச்சு, பக்கத்துல வர்றதுக்குள்ள பிரேக்கப் புடிச்சு நிறுத்திப்போடும். டிரைவர் தூங்கிட்டிருந்தாலும் நிக்கும்."

"அப்ப எங்க எருமைக்கும் ஒண்ணு குடுங்களேன்."

"எருமைக்கு எதுக்குங்க? அது வந்தாத்தான் அத்தன பேரும் தானா நிறுத்தறாங்களே."

முதலில் அது கையில் கட்டும் பட்டையாகத்தான் வந்தது. பிள்ளைகள் பிய்த்து எறிந்தன, அக்காள் தம்பிகள் மாற்றிக் கட்டிக்கொண்டன, சில அம்மாக்கள் குளிக்க வைக்கும்போது கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு மறந்து போனார்கள். அப்புறம் யாரோ நம் ஊர்ப் பெண்தான் சொல்லியிருக்க வேண்டும், அரைஞாண் கயிற்றில் கோத்துவிடலாம் என்று. நம்மில் குழந்தைக்கு அரைஞாண் கயிறு கட்டாத வீடு ஏது? கட்டியதை யாரும் கழற்றுவதும் இல்லை. தாயத்தோடும் வெள்ளிக் காசோடும் மணியும் சேர்ந்துகொண்டது. ரோட்டுத் தாயத்து என்று பெயரே வைத்துவிட்டார்கள். துணிக்குள் இருப்பதால் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று வெளியே தெரியாது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று அப்போது நினைத்தோம்.

முதல் வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். நாலரை மணிக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள் ஒன்றாக விட்டால் மெயின் ரோடு அப்படியே உறைந்து நிற்கும். பிள்ளைகள் வேண்டுமென்றே ரோட்டுக்குள் ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக பஸ்களை நிறுத்தி விளையாடின. ஒரு நாள் ஆம்புலன்ஸ் ஒன்று நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டது, உள்ளே இருந்தவர் பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் கணக்கு வந்தது. ஒரு வார்டுக்கு அறுநூறு மணி, அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. எட்டு வயது முடிந்த அன்று மணி தானாக அணைந்துவிடும். அதை மையத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதையே வரிசையில் அடுத்து இருக்கிற குழந்தையின் பெயருக்கு மாற்றிக் கட்டிவிடுவோம். ஒரு பிள்ளை இறங்கினால்தான் இன்னொரு பிள்ளை ஏறும்.

பெற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க மனசு வராது. எங்கள் பக்கம் சில வீடுகளில் ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் முழுகிவிட்டுப் பழைய கயிற்றை அறுத்துத் தண்ணீரில் விட்டுப் புதுக் கயிறு கட்டுவார்கள். அந்தச் சாக்கில், மணியும் ஆற்றோடு போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். மணி அணையாமல் இருக்க முன்பே வயதைக் குறைத்துப் பதிந்திருப்பார்கள், அது தெரிந்து திருப்பிக் கேட்டால் இந்தக் கதைதான். அப்படி வந்த ஒருவருக்கு நான் விட்ட டோஸ் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அவருடைய மகனின் மணிக்குப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, ஆத்துல போன மணி இப்ப ஸ்கூல் வாசல்ல இருக்குதுன்னு காட்டுதே. மீன் முழுங்கிட்டு நடந்து போயிருக்குங்களா? உங்க பையன் ஒரு வருஷம் எச்சா வெச்சிருந்தா, இன்னொருத்தரு பெத்த புள்ள ஒரு வருஷம் இல்லாமத் திரியோணும். அந்தப் பாவம் யாருக்குங்க?"

மனுஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

என் மகள் மிருதுளாவுக்கு அந்த வருடம் செப்டம்பரில் எட்டு முடிய இருந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. ஏப்ரல் மாதம் ஒரு நாள் சாயந்திரம் மெயின் ரோட்டில் கடைக்குப் போயிருந்தோம். நான் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் எதிர்ப்பக்கம் இருந்த ஒரு நாய்க்குட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே ரோட்டில் இறங்கிவிட்டாள். தலையைத் திருப்பவே இல்லை. வலது பக்கமிருந்து வந்த பஸ் தரையோடு தேய்ந்துகொண்டு நின்றது. உள்ளே நின்றிருந்தவர்கள் எல்லாம் முன்னால் சாய்ந்தார்கள். இரண்டு பைக்குகள் நின்றன. அவள் எதையும் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் போய்க் குத்தவைத்து நாய்க்குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் தக்காளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது என் கணவர் தண்டபாணியிடம் சொன்னேன். அவர் லோடு வண்டி ஓட்டுகிறவர்.

"புள்ள மேல என்ன தப்பு? பொறந்ததுலருந்து ரோட்டுல கால் வெச்சா எல்லாம் நிக்குது. வண்டின்னா நிக்கறதுன்னுதான அதுக்குத் தெரியும்," என்றார்.

"நான் ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறேன், என்ற புள்ளைக்கு ஒரு எழவும் தெரியலையே."

"நீ புள்ளையச் சொல்ற. எங்களச் சொல்லு. முன்னெல்லாம் ஸ்டேரிங்கப் புடிச்சா கண்ணு ரெண்டு ஓரத்துலயும் மேயும். சந்துக்குள்ள பந்து உருண்டு வந்தா, பொறத்தாலயே ஒரு பையன் வருவான்னு கால் தானா பிரேக்குக்குப் போகும். இப்ப முன்னால ஸ்கிரீன்ல புள்ளி தெரிஞ்சா கொழந்தை. தெரியலீன்னா ரோடு காலின்னு மனசு நெனச்சுக்குது. மணி இல்லாத ஆளு எங்க கண்ணுக்கே தெரியறதில்ல தமயந்தி. போன வாரம் ஒரு பெரியவர இடிக்கப் பாத்தேன்."

அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். மிருதுளா எட்டு வயதும் ஒரு நாளுமாக, மணி இல்லாமல், நாய்க்குட்டியைப் பார்த்தபடி மெயின் ரோட்டில் இறங்குவது மட்டும்தான் கண்ணுக்குள் ஓடியது.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேனா என்று கேட்டால், கொடுத்தேன். மே மாதம் முழுக்கச் சாயந்திரம் சாயந்திரம் கூட்டிப் போனேன். ஆனால் இடுப்பில் மணி இருக்கும்போது எப்படிச் சொல்லிக் கொடுப்பது? "பஸ் போற வரைக்கும் நில்லு கண்ணு" என்பேன். அதற்குள் அவள் ஒரு காலை ரோட்டில் வைத்திருப்பாள், பஸ் நின்றுவிடும். டிரைவர் கடுப்பாகி "போங்கம்மா" என்று கையை ஆட்டுவார். "பாத்தியாம்மா, நின்னுருச்சு," என்பாள் அவள். நாலு நாளில் எனக்குப் பொறுமை போய்விட்டது, திட்டினேன், அவள் அழுதாள், ஜூனிலிருந்து அவளோடு மெயின் ரோட்டுக்குப் போவதையே விட்டுவிட்டேன். மணியைக் கழற்றிவிட்டுக் கூட்டிப் போயிருக்க வேண்டும். அந்த தைரியம் எனக்கு வரவில்லை. மற்ற அம்மாக்களுக்கு அதைத்தான் சொல்லி அனுப்புவேன், கடைசி மூன்று மாதம் கழற்றிவிட்டு நீங்கள் கூடவே நடங்கள் என்று.

ரேணுகா அந்தச் சமயத்தில்தான் மையத்துக்கு வர ஆரம்பித்தாள். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் சந்து பிரிகிற மூலையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிற பெண். இருபத்தாறு வயது இருக்கும். புருஷன் மில்லில் ஷிஃப்டுக்குப் போகிறவன். ஒரே பெண் குழந்தை, யாழ்மொழி, ஒன்றேகால் வயது. குழந்தை நடக்கப் பழகிய வாரமே பெயர் பதிந்துவிட்டாள். துணிக்கட்டு கொடுக்கப் போகிற வழியில் தினமும் கவுண்டரில் எட்டிப் பார்ப்பாள்.

"ஏனுங்க்கா, எம்பட புள்ளைக்கு மணி எப்பங்க்கா வரும்?"

"வரிசைல இருக்குது அம்மிணி. செப்டம்பர்லதான் நாலு பேரு எறங்கறாங்க. உன்ற பேரு நாலாவதா நிக்குது. கண்டிப்பா வந்துரும்."

"அதுவரைக்கும் என்னுங்க்கா பண்றது? வண்டிக்கு அந்தப் பக்கம் திரும்பி ஒரு சட்டையத் தேய்க்கறதுக்குள்ள காணாமப் போயிருது. இடுப்புல சேலைத் துணியக் கட்டி வண்டிச் சக்கரத்தோட முடிஞ்சு வெச்சிருக்கறேன். நாய மாதிரிக் கட்டி வெச்சிருக்கறயேன்னு ஒருத்தரு சொல்லிட்டுப் போறாரு."

"சொல்றவன் வந்து புள்ளையப் பாத்துக்குவானா? நீ கட்டி வையி. இஸ்திரிப் பெட்டி பக்கம் எட்டாத அளவுக்குத் துணிய வெச்சுக்க."

"செப்டம்பர்தானுங்க்கா?"

"செப்டம்பர்தான்."

அப்போது நான் பொய் சொல்லவில்லை. அந்த மாதம் எட்டு முடிகிற நாலு பேரில் மிருதுளாவும் ஒருத்தி என்பது எனக்குத் தெரியும். அவளுடைய மணிதான் ரேணுகாவின் குழந்தைக்குப் போகும் என்பதும் தெரியும்.

செப்டம்பர் முதல் வாரம் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, மற்றவர்கள் டீக்கு எழுந்து போயிருந்தபோது, மிருதுளாவின் பதிவைத் திறந்தேன். பெயரில் எழுத்துப் பிழை, பிறந்த தேதியில் தவறு எல்லாம் திருத்துகிற உரிமை எனக்கு இருந்தது. வருடத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். எட்டு முடிய வேண்டியவளுக்கு வயது ஏழாகிவிட்டது. அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. டீ வந்தது, குடித்தேன். ஒரு வருடம் கிடைத்தது, அதற்குள் எப்படியாவது பழக்கிவிடலாம் என்று நிம்மதியாகத்தான் இருந்தது. அதை இப்போது சொல்லவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

மாதக் கடைசியில் ரேணுகா வந்தாள். புதுக் கருப்புக் கயிறு வாங்கிக்கொண்டு, குழந்தைக்குத் தலைக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பட்டியலில் மூன்று பேருக்குத்தான் கிடைத்திருந்தது.

"நாலு பேரு எறங்கறாங்கன்னு சொன்னீங்களேக்கா?"

"ஒண்ணு தேதி தப்பா இருந்துச்சு அம்மிணி. திருத்திட்டாங்க."

"அப்ப அடுத்த மாசங்களா?"

"இந்த வருஷம் இனி யாரும் இல்ல. ஜனவரில ரெண்டு பேரு இருக்கறாங்க. இப்ப உன்ற பேருதான் மொதல்ல நிக்குது."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்லீங்க்கா, நீங்க என்ன பண்ணுவீங்க," என்றாள். கயிற்றைச் சுருட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். குழந்தை கவுண்டரில் இருந்த என் பேனாவை எடுத்துக்கொண்டு தரமாட்டேன் என்றது. வைத்துக்கொள்ளட்டும் என்றேன். பேனா கொடுத்து என் மனசைச் சமாதானம் செய்துகொண்டேன் என்பது வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நான் இஸ்திரி வண்டி வழியாகப் போவதை விட்டுவிட்டேன். பின்பக்கத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். தினமும் காலையில் எட்டேகாலுக்கு நான் கிளம்புவேன், மிருதுளா எட்டரைக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் நடந்து போவாள். சீட்டில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவளுடைய மணியைப் பார்ப்பேன். பச்சை விளக்கு எரியும், அவள் இன்னும் கிளம்பாத நேரம் என்பதால் வீட்டில் இருப்பதாகக் காட்டும். அதோடு மற்ற வேலையைப் பார்ப்பேன்.

நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு என் கணவர் போன் செய்தார்.

"நம்ம மூலைல ஒரு கொழந்தைக்கு அடிபட்டுப் போச்சு. இஸ்திரிக்காரப் புள்ளயோடது."

மையத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சக்கரத்தில் கட்டியிருந்த துணி முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. குழந்தை வண்டிக்கடியில் புகுந்து அந்தப் பக்கம் போயிருக்கிறது. தண்ணீர்க் கேன் வேன் ஒன்று மெதுவாக, ஆள் நடக்கிற வேகத்தில்தான், சந்துக்குள் திரும்பியிருக்கிறது. நான் போகும்போது ரேணுகாவும் குழந்தையும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். வேன் டிரைவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வயசுப் பையன்தான். சுற்றி நின்றவர்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்கிரீன்ல ஒண்ணுமே காட்டலீங்க," என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு புள்ளிகூட இல்லீங்க. இருந்திருந்தா அதுவே நின்னிருக்குமுங்க."

அந்தப் பையனைத் திட்டுகிறவர்களை நான் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, சின்ன வயது, கூடிவிடும், ஆனால் கால் கொஞ்சம் குட்டையாகப் போகலாம், வளர்ந்த பிறகுதான் தெரியும் என்றார் டாக்டர். ரேணுகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடிச்ச நல்லாத்தானுங்க்கா போட்டேன்," என்றாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். அவள் தன் மேல்தான் பழியைப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் கையை உதறிவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

சாயந்திரம் மிருதுளா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். அந்த மணியை அப்போதே கழற்றி எடுத்துவிட வேண்டும், இனி ஒரு நிமிடம்கூட அது என் வீட்டில் இருக்கக் கூடாது என்று இருந்தது எனக்கு.

"மிருது, இங்க வா. மேல தூக்கு, கயித்தக் காட்டு."

"எதுக்கும்மா?"

"காட்டுன்னா காட்டு."

அவள் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானே விலக்கிப் பார்த்தேன். இடுப்பில் ஒன்றும் இல்லை. கயிறு இருந்த இடத்தில் தடம்கூட இல்லை. எட்டு வயதுப் பெண், தானே குளித்துக்கொள்கிறாள், தானே உடுத்திக்கொள்கிறாள். நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"மணி எங்க?"

அவள் அழுதுகொண்டே அலமாரியைத் திறந்தாள். அடித்தட்டில், பழைய துணிகளுக்குப் பின்னால் படுத்திருந்த பொம்மையை எடுத்துவந்தாள். பொம்மையின் இடுப்பில் இரண்டு சுற்றாகச் சுற்றிக் கயிறும், அதில் மணியும் இருந்தன.

"எப்ப கழட்டுன?"

"ஸ்கூல் தொறந்தப்பம்மா. ஜூன்ல."

"ஜூன்லயா? ஏன் சாமி?"

"கிளாஸ்ல எல்லாரும் தொட்டில் பாப்பான்னு கூப்பிட்டாங்கம்மா. எங்ககூடப் படிக்கற லிப்சாவுக்கு மணியே கிடையாது தெரியுமா? அவங்க ஒடிசால இருந்து வந்தவங்க, அவங்களுக்கெல்லாம் குடுக்கலையாம். அவ மணிப் புள்ளைங்க கூட வரவே மாட்டா. நாங்க கால வெச்சதும் வண்டியெல்லாம் டபக்குனு நிக்குமா, டிரைவருங்க அவளத்தான் திட்டறாங்களாம். அவகூடப் போகோணும்னா மணியக் கழட்டோணும்னு சொன்னா. அதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கத்தரில வெட்டிட்டேன். உங்ககிட்ட சொன்னா அடிப்பீங்கன்னு சொல்லல."

ஐந்து மாதம். தினமும் காலையில் நான் பார்த்துத் திருப்திப்பட்ட பச்சை விளக்கு, அலமாரிக்குள் கிடந்த ஒரு பொம்மையுடையது.

"வா," என்றேன். "எப்படித் தாண்டறேன்னு எனக்குக் காட்டு."

மெயின் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாயந்திர நேரத்து நெரிசல். நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். அவள் விளிம்பில் நின்றாள். வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், மறுபடியும் வலது பக்கம் பார்த்தாள். ஒரு பஸ் வந்தது, போகவிட்டாள். அதன் பின்னால் பைக் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். ஒன்று வந்தது, அதையும் விட்டாள். தூரத்தில் வந்த லாரியின் டிரைவரை நேராக முகத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அவர் வேகத்தைக் குறைத்ததைப் பார்த்த பிறகுதான் காலை வைத்தாள். ஓடவில்லை, நடந்து போனாள். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி நின்று, சரியா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். காய்கறிக்காரர் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை எனக்கு, நின்ற இடத்தில் நின்றபடி அழுதேன். என் பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்கிற சந்தோஷம் ஒரு பக்கம், நான் செய்த காரியம் ஒரு பக்கம்.

அன்றைக்கு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்பச் சொன்னா அந்தப் புள்ளைக்குக் காலு கூடிருமா?" என்றார் அவர். "தேதியத் திருத்து. மணிய அதுக்குக் குடுத்துரு. வாய மூடிக்கோ."

அப்படித்தான் செய்வது என்று நானும் முடிவு செய்தேன். தேதியைத் திருத்தினேன். மணி அணைந்தது. திருப்பிக் கொடுத்ததாகப் பதிந்து, வரிசையில் முதலில் இருந்த யாழ்மொழியின் பெயருக்கு மாற்றினேன். பச்சை விளக்கு எரிந்தது. ரேணுகாவுக்குத் தகவல் போனது.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். குழந்தையை இடுப்பில் உட்கார வைத்திருந்தாள். தொடை வரைக்கும் மாவுக்கட்டு, அந்தக் கால் மட்டும் விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தை இளைத்துப் போயிருந்தாலும் என்னைப் பார்த்ததும் சிரித்தது. பேனா கேட்டுக் கையை நீட்டியது, கொடுத்தேன்.

"உங்க புண்ணியத்துல வந்துருச்சுங்க்கா," என்றாள் ரேணுகா. "ஜனவரின்னு சொன்னீங்க. நீங்கதான் யார்கிட்டயோ பேசி வாங்கிக் குடுத்திருக்கீங்கன்னு எங்கூட்டுக்காரரு சொல்றாரு."

நான் மணியை எடுத்துக் கவுண்டரின் மேல் வைத்தேன்.

"ஒண்ணு கேக்கோணுங்க்கா. இவளுக்குக் கட்டுப் பிரிக்கவே இன்னும் ஒரு மாசம் ஆகுமுங்களாமா. அதுக்கப்புறம் நடக்க எத்தன நாளோ. சும்மா மடில உக்காந்திருக்கற புள்ளைக்கு இது எதுக்குங்க? இப்ப நடந்துட்டிருக்கற கொழந்தை யாராச்சும் வரிசைல இருந்தா, அதுக்கு மொதல்ல குடுத்துருங்க. எங்களுக்கு ஜனவரில வந்தாப் போதும். இன்னொரு அம்மா என்ற மாதிரி நிக்கக் கூடாதுங்க்கா."

அவள் கேலி செய்யவில்லை, உண்மையாகத்தான் கேட்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு சரி என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள். அதை என்னால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

"அம்மிணி," என்றேன். "இது செப்டம்பர்லயே உன்ற புள்ளைக்கு வந்திருக்க வேண்டிய மணி. என்ற புள்ளைக்கு எட்டு வயசு முடிஞ்சிருச்சு. நாந்தான் தேதிய மாத்தி வெச்சுக்கிட்டேன். தப்பா இருந்துச்சுன்னு சொன்னது பொய்."

பின்னால் காத்திருந்த இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். குழந்தை பேனாவைக் கவுண்டரில் தட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப உங்க பாப்பா ரோட்ட எப்படித் தாண்டுது?" என்று கேட்டாள் ரேணுகா.

"தானாவே தாண்டறா. நல்லாத் தாண்டறா."

"எப்ப இருந்துங்க?"

இந்த மாதத்திலிருந்துதான் என்று சொல்லியிருக்கலாம். "ஜூன்ல இருந்து," என்றேன். "எனக்கே தெரியாது அம்மிணி. அவ கழட்டி பொம்மைக்குக் கட்டி வெச்சிருந்தா."

"ஜூன்," என்றாள் ரேணுகா. பிறகு குழந்தையைத் தாங்கியிருந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். நவம்பர் வரைக்கும் எண்ணி நிறுத்தினாள். அவள் என்னைத் திட்டுவாள், மேஜையில் இருப்பதை எடுத்து எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் பர்ஸைத் திறந்து, செப்டம்பரில் சுருட்டி வைத்த கருப்புக் கயிற்றை எடுத்தாள். அதில் மணியைக் கோத்தாள்.

"நான் புடிச்சுக்கறேன், நீ கட்டு," என்று கையை நீட்டினேன்.

"வேண்டாம்," என்றாள். அந்த ஒரு சொல்லில் ங்க இல்லை, அக்கா இல்லை. காத்திருந்தவர்களில் ஒருத்தியிடம் குழந்தையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மாவுக்கட்டுக்கு மேலே இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். மூன்று முடிச்சுப் போட்டு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். பேனாவைக் குழந்தையின் கையிலிருந்து வாங்கிக் கவுண்டரில் வைத்தாள். குழந்தை அழுதது.

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். அவள் அழுகிற குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு ரோட்டில் காலை வைத்தாள். மணி வேலை செய்தது. இந்தப் பக்கம் ஒரு பஸ், அந்தப் பக்கம் இரண்டு கார், ஒரு பால் வண்டி எல்லாம் நின்றுவிட்டன. பஸ் டிரைவர் போம்மா என்று கையை ஆட்டினார். அவள் வைத்த காலை எடுத்துக்கொண்டு விளிம்பிலேயே நின்றாள். வலது பக்கம் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தாள், இடது பக்கம் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஸ்டேரிங்குக்குப் பின்னால் இருந்த ஆளின் முகத்தையும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கடந்து போனாள்.